வெயிலில் மட்டும் வரும் கோளாறு

அந்தத் தெருவில் அவனை யாரும் மெக்கானிக் என்று கூப்பிடுவதில்லை. டாக்டர் என்பார்கள். பானெட்டைத் திறந்ததும் கையை வைக்காமல் முதலில் காதை வைப்பான். அதனால் வந்த பெயர். ஆரம்பத்தில் கிண்டலாகத்தான் சொன்னார்கள். பதினெட்டு வருஷத்தில் கிண்டல் தேய்ந்துபோய் மரியாதை மட்டும் மிஞ்சிவிட்டது. அவனுக்கும் அந்தப் பெயர் பிடித்துத்தான் இருந்தது. வெளியில் காட்டிக்கொள்ள மாட்டான், அவ்வளவுதான்.

அவன் மனைவியின் அக்காவை அவன் அண்ணி என்று கூப்பிடுவான். அண்ணிக்கு ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்துவர வேண்டும். காலையில் வெறும் வயிற்றோடு காத்திருப்பவர்களுக்கு ஒரு சுற்று; மத்தியானம் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து எடுக்க வேண்டியவர்களுக்கு இன்னொரு சுற்று. ஊசி போட்டதே தெரியாது என்று பேர் எடுத்தவர். நரம்பு தட்டுப்படாத கிழவர்கள் எல்லாம் அந்த அம்மாவையே அனுப்புங்கள் என்று போன் பண்ணிக் கேட்பார்கள். எடுத்த ரத்தத்தை ஐஸ் பெட்டியில் வைத்துக் குறித்த நேரத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். நேரம் தவறினால் ரத்தம் வீண். மறுபடி அதே கிழவரின் கையில் அதே நரம்பைத் தேட வேண்டும்.

இதற்காகவே அண்ணி ஒரு பழைய சின்ன கார் வைத்திருந்தார். வாங்கும்போது கூடவே போய்ப் பார்த்து, "கண்ண மூடிக்கிட்டு எடுங்க அண்ணி" என்று சொன்னவன் அவன்தான். ஏழு வருஷம் அந்தக் கார் ஒரு குறையும் வைக்கவில்லை. அந்த வெயில் காலத்தில்தான் மக்கர் பண்ண ஆரம்பித்தது.

"மத்தியானச் சுத்துலதான் தம்பி இப்படி ஆகுது" என்றார் அண்ணி, பட்டறை வாசலில் நின்றபடி. "ஒரு வீட்டு வாசல்ல நிறுத்திட்டு உள்ள போயிட்டு வந்து சாவியத் திருப்பினா இஞ்சின் சுத்துது, சுத்துது, பிடிக்கவே மாட்டேங்குது. கதவத் திறந்துபோட்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தா தானா சரியாயிடுது. ரெண்டு தடவ சிக்னல்லயே நின்னுடுச்சு."

அவன் அதற்குள் ஸ்கேனரைச் செருகித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். இஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டருக்குள் ஏதாவது கோளாறு பதிவாகியிருந்தால் அதில் தெரியும். ஒன்றும் பதிவாகவில்லை.

"இன்னொண்ணு கவனிச்சேன்" என்றார் அண்ணி. "சாவியத் திருப்பினதும் பின்சீட்டுக்கு அடியில ம்ம்னு ஒரு சின்னச் சத்தம் வரும் இல்ல? ஸ்டார்ட் ஆகாதப்ப அந்தச் சத்தம் வர்றதில்ல."

இது அவன் காதில் விழாமல் இல்லை. விழுந்தது. விழுந்ததை அவன் பொறுக்கி எடுக்கவில்லை. கார் வைத்திருப்பவர்கள் வந்து ஆளுக்கொரு சத்தம் சொல்வார்கள். கிர்ர், டொக், குய்ய் என்று வாயாலேயே ஓட்டிக் காட்டுவார்கள். பாதி நாள் அது டிக்கியில் உருளும் தண்ணீர் பாட்டிலாக இருக்கும்.

"சத்தமெல்லாம் நாங்க பார்த்துக்கறோம் அண்ணி. நீங்க போய் வேலையப் பாருங்க" என்றான் சிரித்துக்கொண்டே.

மூன்று நாள் வைத்துக்கொண்டான். காலையில் கொஞ்சம், சாயங்காலம் கொஞ்சம் ஓட்டிப் பார்த்தான். மற்ற நேரமெல்லாம் கார் தகரக் கூரைக்குக் கீழே நிழலில் நின்றது. உச்சி வெயிலில் அவன் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுச் சாப்பிட்டு ஒரு கண் அசருவது வழக்கம். திருப்பிய போதெல்லாம் கார் சமர்த்தாக ஸ்டார்ட் ஆனது. பிளக்கைச் சுத்தம் பண்ணினான், பெட்ரோல் ஃபில்டரை மாற்றினான், அனுப்பிவிட்டான். ஒரே வாரத்தில் கார் திரும்பி வந்தது. பேட்டரி முனைகளைச் சுரண்டி இறுக்கினான், அனுப்பினான். மறுபடி வந்தது. மூன்றாவது தடவை அண்ணியின் கார் தெருமுனையில் திரும்பும்போதே அவனுக்கு எரிச்சல் வந்தது. அந்த எரிச்சல் தன்மேல் வந்தது என்பதை அவன் அப்போது ஒத்துக்கொள்ளவில்லை. அண்ணியின்மேல் போட்டுவிட்டான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணி வீட்டில் சாப்பாடு. அண்ணியின் கணவர், அதாவது அவனுடைய சகலை, ஒரு அலுவலகத்தில் சூப்பர்வைசர். பேச்சுக்காரர். சகலையின் தம்பி குடும்பமும் வந்திருந்தது. எட்டுப் பேர் மேஜையைச் சுற்றி இடித்துப் பிடித்து உட்கார்ந்திருந்தார்கள், அண்ணி பரிமாறிக்கொண்டிருந்தார்.

"என்னதான் சகல, அந்த வண்டிக்கு?" என்று கேட்டார் சகலை. "மூணு தடவ உங்க ஆஸ்பத்திரியில சேர்த்தாச்சு. நோயாளி எந்திரிக்கற மாதிரி தெரியலியே."

எல்லாரும் அவனையே பார்த்தார்கள். 'தெரியல' என்ற ஒற்றைச் சொல் அவன் நாக்கு நுனி வரை வந்தது. டாக்டர் என்று பெயர் எடுத்தவன், எட்டுப் பேர் முன்னால், அதுவும் சகலையின் தம்பி முன்னால், அந்தச் சொல்லைச் சொல்லத் தயாராக இல்லை.

"வண்டிக்கு ஒண்ணும் இல்லண்ணே" என்றான். "மிஷின்ல போட்டுப் பார்த்துட்டேன், சுத்தமா இருக்கு. ஓட்டறவங்க ஒரு கால கிளட்ச்லயும் இன்னொரு கால வேற எங்கயோ வச்சிருந்தா அது என்ன பண்ணும், பாவம்."

மேஜையே குலுங்கிச் சிரித்தது. அவன் மனைவியும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு நன்றாக எடுபட்டதால் அவன் இன்னொன்றும் சேர்த்தான். "இனிமே ஐஸ் பெட்டியோட வண்டி தள்ள ரெண்டு ஆளையும் ஏத்திவிடணும்."

சகலை அங்கேயே ஒரு பட்டமும் கொடுத்தார்: நடுரோட்டு நாயகி. புரையேறும் வரை சிரித்தார்கள்.

அண்ணி கரண்டியைப் பாத்திரத்தில் வைத்தார். "கிளட்ச மிதிக்கத் தெரியாமலா நான் ஏழு வருஷமா ஓட்டறேன்?" என்றார். யாரிடம் கேட்டார் என்று தெரியவில்லை. சகலையின் தம்பி தண்ணீர் கேட்டார். அண்ணி எடுத்துவரப் போனார்.

பத்து நாள் கழித்து ஒரு மத்தியானம் பெரிய சாலை நடுவில் கார் நின்றது. பின்னால் வந்த பஸ்காரன் இறங்கி வந்து வாய்க்கு வந்தபடி பேசினான். ஐஸ் பெட்டியில் பதினொரு பேரின் ரத்தம் இருந்தது. ஆட்டோ பிடித்துக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் நேரம் தாண்டிவிட்டது. சகலை அலுவலகத்திலிருந்து வந்து சேர்வதற்குள் வெயில் இறங்கிவிட்டது. அவர் சாவியைத் திருப்பினார். முதல் திருப்பலிலேயே கார் ஸ்டார்ட் ஆனது.

அந்தச் சாவி அவர் சட்டைப் பையிலேயே தங்கிவிட்டது. "டாக்டரே சொல்லிட்டாரு. அப்புறம் என்ன பேச்சு?" என்றாராம்.

அதற்குப் பிறகு சகலை அந்தக் காரில் அலுவலகம் போனார். விடிந்ததும் கிளம்பி, அலுவலகத்தின் அடித்தளத்தில் நிழலில் நிறுத்தி, பொழுது சாய்ந்து திரும்புவார். கார் ஒருநாள்கூட நிற்கவில்லை. இனி யாருக்கு என்ன சந்தேகம் இருக்க முடியும்? பரிசோதனைக் கூடத்தில் அண்ணியின் சுற்றை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். அண்ணியை உள்ளே ஒரு மேஜையில் உட்காரவைத்துக் குழாய்களுக்குச் சீட்டு ஒட்டச் சொன்னார்கள். இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போனார். இதையெல்லாம் மனைவி சொல்ல, வீட்டுச் செய்தியாக அவன் கேட்டுக்கொண்டான். "அப்படியா" என்றான். குழம்பு இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னான்.

இரண்டு மாதம் போயிருக்கும். வெயில் இன்னும் தணியவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குக் கை கழுவப் போனவனை வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். வாடகைக் கார் ஓட்டுபவர் ஒருவர், சட்டை முதுகோடு ஒட்டியிருக்க, மூச்சு வாங்க நின்றார். அவர் கார் ஐம்பது அடி தள்ளி நடுவெயிலில் நின்றது. அண்ணியின் கார் எந்த மாடலோ அதே மாடல், நிறம்தான் வேறு.

"சவாரிய இறக்கிவிட்டுட்டு ஒரு டீ குடிச்சேங்க. வந்து திருப்பினா ஸ்டார்ட் ஆகல" என்றார் டிரைவர். "பெட்ரோல் பம்பு சத்தம் வரலிங்க. வழக்கமா பின்சீட்டுக்கு அடியில ம்ம்னு வரும்."

"அப்போ பம்புக்குக் கரண்ட் போகல" என்றான் அவன் உடனே. "பானெட்டத் திறக்காதீங்க. அப்படியே இருக்கட்டும், சூடு ஆறக் கூடாது."

டெஸ்ட் லைட்டை எடுத்துக்கொண்டு வெயிலுக்கே போனான். ஸ்கேனரில் ஒன்றும் இல்லை. பின்சீட்டைத் தூக்கி, பம்புக்குப் போகும் வயரில் முனையை வைத்தான். டிரைவர் சாவியைத் திருப்பினார். லைட் எரியவில்லை. பியூஸ் நன்றாக இருந்தது. அடுத்து ரிலே. பம்புக்கும் கம்ப்யூட்டருக்கும் கரண்டைத் திறந்துவிடுகிற தீப்பெட்டி அளவுக் கறுப்புப் பெட்டி அது. அந்த மாடலில் டேஷ்போர்டுக்குக் கீழே, ஸ்டியரிங்குக்கு இடப்பக்கம் ஒளிந்திருக்கும். அவன் மல்லாந்து படுத்துத் தலையை உள்ளே நுழைத்தான். அடுப்புக்குள் நுழைந்தது போல இருந்தது. ரிலேவுக்கு உள்ளே வரும் வயரில் லைட் எரிந்தது. 'திற' என்று சொல்லும் வயரும் சரியாகத்தான் இருந்தது. வெளியே போகும் வயரில் மட்டும் ஒன்றுமில்லை. ஸ்குரூடிரைவரின் பிடியால் அந்தப் பெட்டியை ஒரு தட்டுத் தட்டினான். பின்சீட்டுக்கு அடியில் ம்ம் என்று பம்பு பாடியது.

கழற்றி மூடியைத் திறந்து லென்ஸில் பார்த்தான். ஈயத்தால் பற்றவைத்த ஒரு கம்பிக் காலைச் சுற்றி, தலைமுடியில் பாதி தடிமனில் ஒரு வட்ட விரிசல். உள்ளே வெயில் ஏறினால் அது வாயைத் திறக்கும். சூடு ஆறினால் மூடிக்கொள்ளும். நிழலில் வைத்துக்கொண்டு நூறு நாள் பார்த்தாலும் தெரியாது.

புது ரிலேயை மாட்டும்போதுதான் அவன் கை நின்றது. பின்சீட்டுக்கு அடியில் ம்ம்னு ஒரு சின்னச் சத்தம். அண்ணி சொன்னதும் இந்த டிரைவர் சொன்னதும் ஒன்றுதான். அண்ணி 'பம்பு' என்று பெயர் சொல்லவில்லை, அவ்வளவே வித்தியாசம். டிரைவர் சொன்னதும் அவன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. அதை நம்பி வெயிலில் இறங்கினான். அண்ணி சொன்னபோது பாட்டில் உருளும் சத்தம் என்று நினைத்துச் சிரித்தான். ஏன் என்று தன்னையே கேட்டுக்கொண்டான். பதில் உடனே வந்தது. அதைச் சொல்லிப் பார்க்க வாய் கூசியது.

"கில்லாடிங்க நீங்க. சும்மாவா டாக்டர்னு சொல்றாங்க" என்றார் டிரைவர்.

அவன் கையைத் துடைத்துக்கொண்டே உள்ளே போனான்.

நியாயமாக அன்றே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். அவன் சொல்லவில்லை. மறுநாள் சகலைக்குப் போன் பண்ணி, "வெயில் காலம்ணே, ஒரு தடவ ஆயில் பார்த்துடலாம், வண்டிய விடுங்க" என்றான். வந்த காரைக் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு வெட்டவெளியில் இரண்டு மணி நேரம் காயவைத்தான். பிறகு சாவியைத் திருப்பினான். பம்பு பேசவில்லை. ஒரு தட்டு. பேசியது. கழற்றிப் பார்த்தால் அதே கால், அதே விரிசல். புது ரிலேயைப் போட்டான். பழையதை ஒரு துணியில் சுற்றி மேஜை டிராயரின் அடியில் திணித்தான், திருடியதை ஒளிப்பவன் போல.

"ஆயில் மாத்திட்டேண்ணே" என்று காரைத் திருப்பிக் கொடுத்தபோது, போகிறபோக்கில் சொல்வது போலச் சொன்னான்: "அண்ணிகிட்டயே குடுத்துப் பாருங்களேன். எத்தனை நாளைக்கு பஸ்ல அல்லாடுவாங்க."

கார் ஓடிவிட்டால் எல்லாம் தானாகச் சரியாகிவிடும், யாருக்கும் எதுவும் தெரிய வேண்டியதில்லை என்று கணக்குப் போட்டான். சகலையும் பெரிய மனது பண்ணி, வாரத்தில் மூன்று நாள் சாவியைக் கொடுத்தார். பரிசோதனைக் கூடத்தில் யாரோ ஒரு மாதம் லீவு போட்டதால் அண்ணிக்கு மத்தியானச் சுற்று ஒன்று கிடைத்தது. மூன்று வாரம் கொளுத்துகிற வெயிலில் கார் ஒரு தடவைகூட நிற்கவில்லை.

மறுபடி ஒரு ஞாயிறு. அதே மேஜை, அதே எட்டுப் பேர்.

"பார்த்தீங்களா சகல" என்றார் சகலை, எல்லாருக்கும் கேட்கும்படி. "ரெண்டு மாசம் பஸ்ல அனுப்பினதுல நாயகி வண்டி ஓட்டப் பழகிட்டாங்க. நீங்க சொன்ன வைத்தியம்தான்."

எல்லாரும் சிரித்தார்கள். அவன் வாயில் வைத்த கவளம் களிமண்ணாக இருந்தது. அவன் தப்பை மறைக்கப் போட்ட புது ரிலே, அவன் சொன்ன பொய்க்கே சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது. அண்ணி சிரிக்கவுமில்லை, கோபப்படவுமில்லை. அவனைப் பார்த்தார். நரம்பு எங்கே இருக்கிறது என்று பார்ப்பவரைப் போல நிதானமாகப் பார்த்தார். அவன் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டான்.

சாப்பிட்டு முடித்து அண்ணி சமையலறையில் தட்டு கழுவும்போது அவன் பின்னாலேயே போனான்.

"அண்ணி, ஒரு விஷயம். வண்டியில நிஜமாவே கோளாறு இருந்துச்சு. ஒரு ரிலே. நான் போன மாசம்தான் மாத்தினேன். உங்க ஓட்டத்துல ஒரு தப்பும் இல்ல."

"தெரியும்" என்றார் அண்ணி, குழாயை மூடாமலே.

"எப்படி?"

"நீங்க ஆயில் மாத்தறேன்னு எடுத்துட்டுப் போனதிலேருந்து அந்தச் சத்தம் தவறாம வருது. ஆயில் மாத்தினா வருமா அது?"

அவனுக்குக் காது மடல் வரை சுட்டது. "மன்னிச்சிடுங்க அண்ணி."

அண்ணி ஒரு தட்டைக் கவிழ்த்து வைத்தார். "என்கிட்ட எதுக்குத் தம்பி சொல்றீங்க? எனக்குத் தெரிஞ்சதையே எனக்குச் சொல்றீங்க. தெரியாதவங்க எல்லாம் அங்க உட்கார்ந்திருக்காங்க."

கூடத்திலிருந்து சகலையின் சிரிப்பு கேட்டது. அவன் கூடத்துக்கு வந்தான். சொல்வதற்காகத்தான் வந்தான். நாற்காலியில் உட்கார்ந்தான். யாரோ கிரிக்கெட் பற்றி என்னவோ கேட்டார்கள், பதில் சொன்னான். ஒரு மணி நேரம் இருந்துவிட்டு, சொல்லாமலே கிளம்பி வந்தான்.

பைக்கில் பின்னால் உட்கார்ந்திருந்த மனைவி, "அக்காகிட்ட சமையல்கட்டுல என்ன பேசினீங்க? முகமே சரியில்ல" என்றாள். வீட்டுக்கு வந்து அவளிடம் எல்லாவற்றையும் சொன்னான். திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் திட்டவில்லை. துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்திவிட்டு, "நானும்தானே சிரிச்சேன்" என்றாள். "அக்கா அன்னிக்கு என்னயத்தான் முதல்ல பார்த்தா." பிறகு மடிப்பதைத் தொடர்ந்தாள்.

அடுத்த ஞாயிறு யாரும் அழைக்காமலே அவன் போனான். துணியில் சுற்றிய ரிலே, ஒரு சின்ன பேட்டரி, இரண்டு வயர், ஹெட்லைட் பல்பு ஒன்று, எல்லாம் ஒரு பையில். சகலையும் அவர் தம்பியும் கூடத்தில் இருந்தார்கள். அண்ணி உள்ளேயிருந்து வந்து கதவருகில் நின்றார்.

"அண்ணே, நான் இங்க உட்கார்ந்து ஒரு பொய் சொன்னேன்" என்று ஆரம்பித்தான். "அண்ணிக்கு ஓட்டத் தெரியலன்னு சொன்னேன். எனக்குத்தான் பார்க்கத் தெரியல. வண்டியில கோளாறு இருந்துச்சு. அண்ணி அதை முதல் நாளே சரியாச் சொன்னாங்க. நான் காதுல வாங்கல. அப்புறம் கண்டுபிடிச்சும் சொல்லாம மாத்திட்டேன்."

சகலை அவனையும் அண்ணியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு முகம் மலர்ந்தது. "புரியுது சகல. அவ உங்ககிட்ட வருத்தப்பட்டிருப்பா. அதுக்காக நீங்க பழிய ஏத்துக்க வேண்டாம். பரவால்ல, விடுங்க."

"இல்லண்ணே, நிஜமாத்தான்."

"சரி சரி, நம்பிட்டோம்" என்று தம்பியைப் பார்த்துக் கண்ணடித்தார்.

அவன் பையைத் திறந்தான். டீப்பாயில் பேட்டரியை வைத்து வயரைக் கோத்தான். ரிலே 'டிக்' என்றது, பல்பு எரிந்தது. "அண்ணி, தலை காய வைக்கற மிஷின் இருக்கா?" என்று கேட்டான். அண்ணி உள்ளே போய்க் கொண்டுவந்து கொடுத்தார். சுடுகாற்றை ரிலேயின் மேல் பிடித்தான்.

பல்பு எரிந்தது. ஒரு நிமிஷம் போயிற்று. எரிந்துகொண்டே இருந்தது. மூன்று நிமிஷம். மிஷின் இரைந்துகொண்டே இருந்தது. சகலையின் தம்பி போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார். அவன் நெற்றியிலிருந்து வேர்வை சொட்டி டீப்பாய்க் கண்ணாடியில் விழுந்தது. நடந்தது உண்மை, அவனுக்குத் தெரியும். ஆனால் எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் உதட்டோரம் சிரிப்பை வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். எழுந்து பையைக் கட்டிக்கொண்டு ஓடிவிடலாமா என்றிருந்தது. அண்ணி இப்படி எத்தனை தடவை பட்டறை வாசலில் நின்றிருப்பார் என்று நினைத்தான்.

"போதும் சகல, வீட்டு வயரு எரிஞ்சிடப் போகுது" என்று சகலை கையை நீட்டினார்.

அப்போது பல்பு ஒரு தடவை சிமிட்டியது. பிறகு அணைந்தது.

அவன் மிஷினை நிறுத்தினான். ரிலேயின் மேல் வாயால் ஊதினான். ஊதிக்கொண்டே இருந்தான். பல்பு மறுபடி எரிந்தது.

"வெயில்ல நின்னா அணையும். நீங்க போய்ச் சேர்றதுக்குள்ள ஆறிடும். அதான் உங்க கைக்கு ஸ்டார்ட் ஆச்சு" என்றான்.

சகலை மேலும் கொஞ்ச நேரம் பல்பையே பார்த்தார். "சத்தம் வரலன்னு நீ இவர்கிட்ட சொன்னியா?" என்று மனைவியிடம் கேட்டார்.

"உங்ககிட்டயும் சொன்னேன்" என்றார் அண்ணி.

பேச்சுக்காரரான சகலை சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து டீப்பாயில் வைத்தார். தம்பி போனைக் கவிழ்த்து வைத்தார்.

அண்ணி வந்து சாவியை எடுக்கவில்லை. தலை காய வைக்கும் மிஷினை எடுத்தார். வயரைப் பிடுங்கி அதன் கழுத்தில் நிதானமாகச் சுற்றினார்.

"தம்பி, இதையே அன்னிக்குப் பண்ணியிருந்தா எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?"

"கால் மணி நேரம், அண்ணி."

அண்ணி தலையை ஆட்டினார். மிஷினை வைக்க உள்ளே போனார். திரும்பி வரும்போது சாவியை எடுத்துக்கொண்டார்.

மறுநாள் அவன் பட்டறையைத் திறக்காமல் பரிசோதனைக் கூடத்துக்குப் போய் மேலாளர் அம்மாவைப் பார்த்தான். தப்பு வண்டியிலும் தன்னிடமும்தான், அண்ணியிடம் இல்லை என்று விளக்கினான். அந்த அம்மா பொறுமையாகக் கேட்டார். "நீங்க சொல்றது சரிங்க. ஆனா சுத்து வேற ஆளுக்குப் போயாச்சே. அந்தப் பொண்ணு நல்லா பண்ணுது. அவள எப்படி எடுக்கறது?" என்றார். அவன் எழுந்து வந்தான். அண்ணி இன்னும் நாலு மாதம் சீட்டு ஒட்டிவிட்டு, ஊரின் மறுகோடியில் வேறொரு கூடத்தில் சேர்ந்தார். பழைய கிழவர்கள் அங்கே இல்லை. புதிதாக ஆட்களைப் பழக்கிக்கொள்ள வேண்டியிருந்தது.

கார் அவன் பட்டறைக்கு வரவில்லை. ஆறு மாதம் கழித்து ஒருநாள், "உங்கக்கா வண்டிய சர்வீஸுக்கு எங்க விடறாங்க?" என்று மனைவியிடம் கேட்டான்.

"வேலை செய்யற இடத்துக்குப் பக்கத்துல ஒரு பட்டறையாம்."

"ஏன், நம்மகிட்ட விட்டா என்ன?"

மனைவி அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

அண்ணி அவனிடம் பேசாமல் இல்லை. வீட்டுக்குப் போனால் வாங்க தம்பி என்பார், சாப்பிடச் சொல்வார். ஒரு வார்த்தை குறைவில்லை. கூடவும் இல்லை.

ஒரு ஸ்பேர் பார்ட் வாங்க அந்தப் பக்கம் போனபோது, மத்தியானம் இரண்டரை மணிக்கு, ஒரு வீட்டு வாசலில் அண்ணியின் கார் நிற்பதைப் பார்த்தான். மர நிழல்கூட இல்லாத தெரு. பைக்கை ஓரமாக நிறுத்தினான். ஏன் நிறுத்தினான் என்று கேட்டால் அவனுக்கே தெரியாது. பத்து நிமிஷத்தில் அண்ணி ஐஸ் பெட்டியோடு வெளியே வந்தார். அவனைப் பார்த்ததும் நின்றார்.

"என்ன தம்பி, இந்தப் பக்கம்?"

"ஒரு சாமான் வாங்க வந்தேன் அண்ணி. வண்டியப் பார்த்தேன், அதான்."

"தங்கச்சி நல்லா இருக்காளா? போன வாரம் கூப்பிட்டா, நான்தான் எடுக்க முடியல. சாயங்காலம் பேசறேன்னு சொல்லுங்க."

"சொல்றேன்."

அண்ணி பெட்டியை முன்சீட்டில் வைத்து பெல்ட்டைப் போட்டுவிட்டார். கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு சுடுகிற ஸ்டியரிங்கைப் பிடித்தார். அவன் நகராமல் அங்கேயே நின்றான். வெயில் உச்சந்தலையில் இறங்கியது. அண்ணி சாவியில் கை வைத்துவிட்டு, கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கினார்.

"ஸ்டார்ட் ஆகும்" என்றார். "நீங்க கிளம்புங்க."

அவன் தலையாட்டிவிட்டுப் பைக்கை நோக்கி நடந்தான். திரும்பிப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே நடந்தான், பார்க்கவில்லை.